பஞ்சம் வானத்திலிருந்து வருகிறதா?

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சோற்றைப் பற்றியதாகும். சோற்றைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் உலகத்தில் எந்த இரண்டு சர்க்கார்கள் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு யுத்தம் செய்தாலும், அதன் கஷ்டம் முடிவில் வந்து விழுகிற இடம் ஏழையின் அடுப்பேயாகும். அந்த ஏழை யுத்தம் நடக்கும் தேசத்தில் இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. பதினாயிரம் மைலுக்கு அப்பால், அந்த யுத்தத்தின் பெயரைக்கூடக் கேட்டிராதவனாய் இருந்தாலும் அவன் வீட்டு ரொட்டி சிறுத்துப் போகிறது. இது எப்படி நேருகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து விசாரிக்க ஆசைப்படுகிறோம்.

பஞ்சம் என்றவுடனே நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது வானம்தான். மழை பெய்யவில்லை, கிரகம் சரியில்லை, ஊரில் பாவம் மிகுந்துவிட்டது, எல்லாம் தலைவிதி என்பதாகச் சொல்லிவிட்டுக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்து மழையை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். இப்படிச் சொல்லுவதால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். தானியத்தைப் பூட்டி வைத்தவனுக்கும், விலையை ஏற்றினவனுக்கும், கப்பலை மறித்தவனுக்கும், கணக்கை மறைத்த சர்க்காருக்குமே லாபம். அத்தனை பேருடைய பழியையும் வானம் சுமந்துகொள்ளுகிறது. வானத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதல்லவா?

ஆதலால் முதலில் கணக்கைப் பார்ப்போம். இன்று உலகத்தில் நெல், கோதுமை, மக்காச்சோளம் முதலிய தானியங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 280 கோடி டன்னுக்கு மேல் விளைகின்றன. உலக ஜனத்தொகை 800 கோடிக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால், கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்குச் சுமார் 350 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தானியம் விழுகிறது. பருப்பு, கிழங்கு, காய்கறி, மீன், பால் எல்லாம் இதில் சேராது. இப்படியிருக்க, 2024ம் வருஷத்தில் சுமார் 67 கோடிப் பேர் வயிறாரச் சாப்பாடு இல்லாமல் இருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகளின் சபையாரே ரிப்போர்ட்டு எழுதியிருக்கிறார்கள். விளைந்ததில் பெரும் பங்கு மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீனியாகப் போகிறது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோட்டார் வண்டிக்கு ஊற்றும் எரிசாராயமாகக் காய்ச்சப்படுகிறது. பணம் உள்ளவனுடைய மோட்டாரும் பணம் இல்லாதவனுடைய வயிறும் ஒரே சந்தையில் வந்து நின்றால், வியாபாரி யாருக்கு விற்பான் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் மழையும் வெள்ளாமையும் முக்கியமில்லை என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மழை தவறினால் விளைச்சல் குறையும் என்பது குழந்தைக்கும் தெரியும். நாம் சொல்லுவதெல்லாம், விளைச்சல் குறைவது வேறு, மனிதன் பட்டினியால் சாவது வேறு என்பதுதான். விளைந்த தானியத்துக்கும் பசித்த வாய்க்கும் நடுவில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, தானியம் வந்து சேருகிற வழி. மற்றொன்று, அதை வாங்குகிறவன் கையிலுள்ள காசு. இந்த இரண்டில் ஒன்று போனாலும் களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே மனிதன் சாவான். யுத்தம் என்பது இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் கெடுக்கிற காரியமாகும்.

இதற்கு நம் தேசத்து உதாரணம் ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம். 1942ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அதுவரை வங்காளத்துக்கும், சென்னை மாகாணத்துக்கும், திருவாங்கூருக்கும், இலங்கைக்கும் வந்து கொண்டிருந்த பர்மா அரிசி அதோடு நின்றது. ஜப்பானியர் வங்காளக் கடற்கரையில் இறங்கிவிடுவார்கள் என்று பயந்த பிரிட்டிஷ் சர்க்கார், எதிரிக்கு எதுவும் அகப்படக் கூடாது என்று சொல்லி, கடலோர ஜில்லாக்களில் இருந்த அரிசியை அப்புறப்படுத்தியதோடு, பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறக்கூடிய படகுகளையும் ஜனங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பிரதேசமோ முழுவதும் ஆறும் கால்வாயும் ஆனது. அங்கே படகுதான் வண்டி. மீன் பிடிக்கிறவனுக்குப் படகுதான் ஏர். படகு போனதும் வழியும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. எதிரியோ வரவே இல்லை. அதே வருஷம் அக்டோபரில் மிதுனபுரி ஜில்லாவில் பெரும்புயல் அடித்தது. பக்கத்து மாகாணங்களோ, தங்கள் தானியம் தங்களுக்கே வேண்டும் என்று எல்லையை அடைத்துக்கொண்டன.

பிறகு விலை ஏற ஆரம்பித்தது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி (வங்காளக் கணக்கில் சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய் விற்றது. 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டிற்று. ஆகஸ்டில் 37 ரூபாய் ஆயிற்று. யுத்தத்துக்காகச் சர்க்கார் நோட்டு அச்சடித்துச் செலவு செய்தபடியால், அந்தப் பணம் கையில் சேர்ந்தவர்களால் எந்த விலை கொடுத்தும் வாங்க முடிந்தது. கல்கத்தாவிலிருந்த மில்லுகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்தவர்களுக்கு மலிவு விலையில் அரிசி கொடுக்க ஏற்பாடு இருந்தது. யுத்த வேலை நிற்காமல் நடக்க வேண்டுமல்லவா? கிராமத்தில் இருந்த நிலமில்லாத விவசாயக் கூலிக்கும், மீன் பிடிக்கிறவனுக்கும், படகோட்டிக்கும், நெல் குத்திப் பிழைத்த பெண்களுக்கும் எந்த ஏற்பாடும் இல்லை. அவர்கள் நடந்தே கல்கத்தாவுக்கு வந்து, வீடுகளின் வாசலிலே சோறு வடித்த கஞ்சியைப் பிச்சை கேட்டுச் செத்தார்கள். சர்க்கார் பிறகு நியமித்த பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945ம் வருஷத்து ரிப்போர்ட்டில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாகச் சொன்னது. பின்னால் கணக்கெடுத்தவர்கள் 30 லட்சம் வரையிலும் சொல்லுகிறார்கள்.

இனிக் கேளுங்கள். அந்த 1943ம் வருஷத்தில் வங்காளத்தில் இருந்த உணவு எவ்வளவு? பேராசிரியர் அமர்த்தியா சென் 1981ம் வருஷத்தில் எழுதிய புஸ்தகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கு முந்தின ஐந்து வருஷத்துச் சராசரியைவிட நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறைவு. 1941ம் வருஷத்தைவிடவோ நூற்றுக்கு 13 பங்கு அதிகமாகவே இருந்தது. அந்த 1941ல் பஞ்சம் இல்லை! அவருடைய கணக்கில் சில்லறைத் தகராறு செய்கிற பண்டிதர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்ததற்குத் தானியக் குறைவு மாத்திரமே காரணம் என்று இன்று பெரும்பாலோர் சொல்லுவதில்லை. பஞ்சகாலத்தில் என்னென்ன செய்ய வேண்டுமென்று வரிசையாய் எழுதிய விதிப் புஸ்தகம் சர்க்காரிடம் இருந்தது. ஆனால் பஞ்சம் வந்துவிட்டதென்று அவர்கள் முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் விதிப்படி சோறு போட வேண்டியிருக்குமே! லண்டனில் இருந்த சர்ச்சிலின் யுத்த மந்திரிசபையோ இந்தியாவிலிருந்து கேட்ட அளவு தானியத்துக்குக் கப்பல் ஒதுக்க மறுத்தது. வெள்ளைக்காரர் பத்திரிகையான ஸ்டேட்ஸ்மன் 1943 ஆகஸ்டு 22ல் தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்ட பிறகுதான் வெளியுலகத்துக்கு உண்மை தெரிந்தது.

“அது வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம், இனி அப்படி நடக்காது” என்று சிலர் சமாதானம் சொல்லலாம். ஆட்சி மாறியும், யுத்தம் இல்லாமலும், விளைச்சல் குறையாமலும்கூட நடக்கும் என்பதற்கு 2008ம் வருஷத்தைப் பாருங்கள்.

அந்த வருஷத்தில் உலகத்தில் அரிசிப் பஞ்சம் என்று பெருங்கூச்சல் எழுந்தது. ஆனால் நெல் விளைச்சல் அதற்கு முன் எந்த வருஷத்திலும் இல்லாத அளவுக்கு நன்றாகவே இருந்தது. நடந்தது என்னவென்றால், பெட்ரோல் விலையும் கோதுமை விலையும் ஏறுவதைப் பார்த்து அரிசியும் ஏறிவிடுமோ என்று சர்க்கார்கள் பயந்தன. இந்தியா 2007 அக்டோபரிலேயே அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஆரம்பித்து, 2008 ஏப்ரலில் பாசுமதி அல்லாத அரிசியை அடியோடு தடுத்தது. வியட்நாமும் கதவைச் சாத்தியது. அரிசி வாங்கியே தீரவேண்டிய பிலிப்பைன்ஸ் தேசமோ பயந்துபோய், எந்த விலைக்கும் வாங்கத் தயார் என்கிற மாதிரி டெண்டர் மேல் டெண்டர் விட்டது. உலகத்தில் விளையும் அரிசியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்குதான் அப்போது தேசம் விட்டுத் தேசம் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிறு குட்டையில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் குடத்தைப் போட்டால் என்ன ஆகும்? டன்னுக்கு 400 டாலருக்கும் குறைவாயிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களுக்குள் 1000 டாலரைத் தொட்டது. ஹெய்ட்டி என்கிற ஏழை தேசத்திலே ஜனங்கள் பசிக் கலகம் செய்து, 2008 ஏப்ரலில் பிரதம மந்திரி பதவியிழந்தார்.

கோடைகாலத்தில் கிராமத்துக் கிணற்றில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊராருக்குப் போதுமான தண்ணீர் கிணற்றில் இருக்கும். ஆனால் நாளைக்கு வற்றிவிடும் என்று ஒருவன் சொல்லிவிட்டால், நடுஜாமத்தில் எழுந்து வீட்டுக்கு வீடு அண்டா முதல் சொம்பு வரை நிரப்பிவிடுவார்கள். விடியற்காலையில் கிணறு உண்மையாகவே வற்றியிருக்கும். அன்று தண்ணீரில்லாமல் தவிப்பது யார்? வீட்டில் அண்டா இல்லாதவன்தான். 2008ல் உலகம் நடந்துகொண்டது இப்படியேயாகும். வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் என்கிற இரண்டு பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் பார்த்து, அந்தச் சமயத்து அரிசி விலை ஏற்றத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு, சர்க்கார்கள் தங்கள் தங்கள் கதவைச் சாத்தியதாலும் திறந்ததாலுமே ஏற்பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விலை எப்படி இறங்கிற்று என்பது இன்னும் வேடிக்கை. உலக வியாபார ஒப்பந்தத்துக்காக ஜப்பான் வெளியிலிருந்து வாங்கிக் கிடங்கில் போட்டிருந்த அரிசி சுமார் 15 லட்சம் டன் இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பிலிப்பைன்சுக்கு விற்கப் போவதாக 2008 மே, ஜூன் மாதங்களில் பேச்சு வெளியாயிற்று. உடனே விலை விழ ஆரம்பித்துவிட்டது. அந்த அரிசி கப்பலில் ஏறவேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை. அரிசி இருக்கிறது, கொடுக்கப்படும் என்கிற நம்பிக்கையே போதுமானதாயிருந்தது. வானத்தில் எந்தக் கிரகமும் இதற்காக இடம் மாறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இனி, நம் கண்முன் நடந்த யுத்தத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24ந் தேதி ருஷியா உக்ரைன் தேசத்தின்மேல் படையெடுத்தது. இந்த இரண்டு தேசங்களும் சேர்ந்து அதற்கு முன் உலகச் சந்தைக்கு வரும் கோதுமையில் கால் பங்குக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தன. சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய பாதி உக்ரைனிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. உக்ரைன் தானியம் பெரும்பாலும் ஒடெசா முதலான கருங்கடல் துறைமுகங்கள் வழியாகவே வெளியே போகவேண்டும. யுத்தம் ஆரம்பித்ததும் கடலில் வெடிகள் மிதந்தன, துறைமுகம் மூடப்பட்டது. 2 கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியம் களஞ்சியத்திலேயே அடைபட்டுக் கிடந்தது. ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தார் மாதந்தோறும் போடும் உணவு விலைக் குறியீடு, 1990ல் கணக்கு ஆரம்பித்ததிலிருந்து இல்லாத உச்சத்தை 2022 மார்ச்சில் அடைந்தது.

இதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? உலகத்திலேயே அதிகமாய்க் கோதுமை வாங்குகிற தேசமாயிருந்த எகிப்து, அதில் பெரும்பகுதியை இந்த இரண்டு தேசங்களிடமே வாங்கி வந்தது. அங்கே சுமார் 7 கோடி ஜனங்கள் சர்க்கார் கொடுக்கும் மலிவு ரொட்டியைச் சாப்பிடுகிறார்கள். 1989 முதல் ஐந்து பியாஸ்தராக இருந்த அந்த ரொட்டியின் விலை, 2024 ஜூனில் இருபது பியாஸ்தர் ஆக்கப்பட்டது. லெபனான் தேசத்துக்கோ முன்னமே பெரும் கஷ்டம். 2020 ஆகஸ்டு 4ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடிமருந்து உப்பு வெடித்தபோது, அந்தத் தேசத்தின் பெரிய தானியக் களஞ்சியமே நாசமாய்விட்டது. சேமித்து வைக்க இடமில்லாத நிலைமையில், உக்ரைன் கோதுமையையே நம்பியிருந்த சமயத்தில் யுத்தம் வந்தது. ஐ.நா. உலக உணவுத் திட்டத்தாரோ, பஞ்சப் பிரதேசங்களுக்காகத் தாங்கள் வாங்கும் கோதுமையில் பாதிக்கு மேல் உக்ரைனிலிருந்தே வாங்கி வந்தவர்கள். விலை ஏறவே, அதே பணத்துக்குக் குறைந்த மூட்டையே கிடைத்தது. பணக்கார தேசத்தார் ரொட்டிக்குக் கொஞ்சம் அதிகக் காசு கொடுத்துவிட்டு முணுமுணுத்தார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே கொடுக்கிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டார்கள். இதுதான் வித்தியாசம்.

உடனே கிணற்றுக் கதையும் திரும்ப நடந்தது. உலகத்துக்கே கோதுமை கொடுக்கத் தயார் என்று ஏப்ரலில் பேசிய இந்திய சர்க்கார், மார்ச்சு மாதத்துக் கடும் வெயிலில் பயிர் காய்ந்து போனதைக் கண்டு, மே 13ந் தேதி கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. இந்தோனேஷியா ஏப்ரல் கடைசியில் பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்து, மூன்று வாரம் கழித்துத் திறந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியையும் தடுத்தது. உலக அரிசி வியாபாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவினுடையது என்பதால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விலை ஏறிற்று. அந்தத் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது.

ஆனால் அடைத்தவர்களும் மனிதர்கள்தான், திறந்தவர்களும் மனிதர்கள்தான். 2022 ஜூலை 22ந் தேதி ஐ.நா.வும் துருக்கியும் நடுவிலிருந்து, இஸ்தான்புல் நகரத்தில் ருஷியாவையும் உக்ரைனையும் தனித்தனியே கையெழுத்துப் போடச் செய்தார்கள். ஆகஸ்டு 1ந் தேதி ரசோனி என்ற கப்பல் சுமார் 26,000 டன் மக்காச்சோளத்தோடு ஒடெசாவை விட்டுப் புறப்பட்டது. ஒரு வருஷத்துக்குள் 3 கோடியே 30 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக உணவுப் பொருள்கள் அந்த வழியாய் வெளியே வந்தன. உணவு விலைக் குறியீடும் மாதாமாதம் இறங்கிற்று. 2023 ஜூலை 17ந் தேதி ருஷியா விலகிக்கொண்டது. அதன் பிறகு ஒடெசா, இஸ்மாயில் துறைமுகங்களின் களஞ்சியங்கள் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. உக்ரைன் கரையோரமாகவே ருமேனியா, பல்கேரியா கடல் வழியாய் வேறு பாதை ஏற்படுத்திக்கொண்டது. இத்தனையிலும் மழைக்கு என்ன சம்பந்தம்?

தோழர்களே! யுத்தம் இந்த வருஷத்துச் சோற்றை மாத்திரம் கெடுப்பதில்லை; அடுத்த வருஷத்துச் சோற்றையும் கெடுக்கிறது. யூரியா உரம் பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவைக் கொண்டு செய்யப்படுகிறது. எரிவாயுவும் சாம்பல் சத்து உரமும் ருஷியா, பெலாரஸ் பக்கத்திலிருந்தே பெருவாரியாய் வந்துகொண்டிருந்தன. அவற்றின் விலை ஏறினால் உழவன் உரத்தைக் குறைப்பான். அடுத்த அறுப்பில் கதிர் குறையும். உரம் இல்லாமற் போனால் என்ன ஆகுமென்பதை, யுத்தமே இல்லாமல் பக்கத்து இலங்கை நமக்குக் காட்டிற்று. அந்நியச் செலாவணி தீர்ந்து போய்க்கொண்டிருந்த சமயத்தில், 2021 ஏப்ரலில் அந்த சர்க்கார் இரசாயன உரம் இறக்குமதி செய்வதை ஒரே நாளில் தடுப்பதாக உத்திரவு போட்டார்கள். விஷமில்லாத விவசாயம் என்று அதற்கு அழகான பெயரும் கொடுத்தார்கள். நவம்பரில் உத்திரவை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் பயிர் சர்க்கார் கெஜட்டைப் படித்து வளருவதில்லையே! விளைச்சல் விழுந்தது, அரிசியை வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பரில் உணவுப் பண்டங்களின் விலை, முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காய் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம் தமிழ் மக்களுக்கு 2021ல் வைத்த நாட்கூலியோ அதே 1000 ரூபாயாகவே நின்றது. கூலி நிற்க, விலை இரட்டித்தால் பாதிச் சோறு போயிற்று என்று அர்த்தம்.

இன்னும் கொடுமையானது, பட்டினியையே ஆயுதமாய் உபயோகிப்பதாகும். யுத்தத்தில் சிவிலியன் ஜனங்களைப் பட்டினி போடுவதைக் கண்டித்து, ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018 மே மாதத்தில் ஏகமனதாய்த் தீர்மானம் செய்தது. தீர்மானம் காகிதத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் சூடான் தேசத்து ஜம்ஜம் அகதி முகாமிலும், 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியிலும் பஞ்சம் ஏற்பட்டிருப்பதாக உலக உணவு நிலைமையை அளக்கும் நிபுணர்கள் உறுதி செய்தார்கள். இரண்டு இடத்திலும் உணவு வெளியே இருந்தது. நடுவில் இருந்தது துப்பாக்கி.

“அப்படியானால் மழை தவறினதால் மட்டும் பஞ்சம் வருவதே இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் சொல்லுவோம். சோமாலியாவில் 2011ல் மழை தவறியது. உள்நாட்டுச் சண்டையால் உதவி போக முடியாமலும், உதவ வேண்டியவர்கள் காலத்தில் உதவாமலும், சுமார் இரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள். அதில் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2020 முதல் 2022 முடிய அதே தேசத்தில் வரிசையாய் ஐந்து பருவ மழை தவறியது. இது முந்தினதைவிட நீண்ட வறட்சி. அந்தத் தேசத்துக்குக் கோதுமை கொடுத்துவந்த ருஷியாவும் உக்ரைனும் சண்டையில் இருந்தன. ஆனால் இந்தத் தடவை உதவி முன்கூட்டியும் அதிகமாயும் போயிற்று. அப்படியும் 2022ல் வறட்சியின் காரணமாய் அதிகப்படியாய்ச் செத்தவர்கள் 43,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இதுவும் வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனாலும் மழை அதிகமாய்த் தவறிய காலத்தில் சாவு குறைவாயும், குறைவாய்த் தவறிய காலத்தில் சாவு அதிகமாயும் இருந்திருக்கிறது என்றால், சாவுக்குக் காரணம் மழையா, மனிதனா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இங்கே மற்றொரு ஆட்சேபணையையும் யோக்கியமாய்க் கவனிக்க வேண்டும். “தன் ஜனங்களுக்கு முதலில் சோறு போடுவது ஒரு சர்க்காரின் கடமையல்லவா? வெளியே அனுப்பிவிட்டு உள்ளே பட்டினி போடுவதா?” என்று கேட்பார்கள். கடமைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தன் ஜனங்களுக்குச் சோறு போடுவதற்கு, அவர்கள் கையில் தானியமோ காசோ கிடைக்கும்படி செய்வதே நேரான வழி. முன் யோசனையில்லாமல் ஒரே இரவில் துறைமுகத்தைப் பூட்டுவதால் பக்கத்து ஏழை தேசம் தவிக்கிறது; உள்நாட்டு உழவனுக்கும் நல்ல விலை கிடைக்காமற் போகிறது; உள்ளூர்ப் பரம ஏழைக்கோ அப்போதும் வாங்கக் காசு இருப்பதில்லை. 2020ல் கொள்ளை நோய்க்காக ஊரடங்கு போட்டபோது, இந்திய சர்க்காரின் கிடங்குகளில் கோடிக்கணக்கான டன் தானியம் இருந்தது. அப்படியிருந்தும் வேலை இழந்த வெளியூர்க் கூலிக்காரர்கள், தங்கள் ரேஷன் கார்டு சொந்த ஊரில்தான் செல்லும் என்பதால், மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். கிடங்கில் தானியம் இருந்தால் போதாது. கை எட்ட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலாவது, ஒவ்வொரு சர்க்காரும், முடிந்தால் பக்கத்துப் பக்கத்துத் தேசங்கள் சேர்ந்தும், நல்ல விளைச்சல் காலத்தில் தானியம் சேமித்து வைக்கவேண்டும். இரண்டாவது, அந்தக் கையிருப்புக் கணக்கை ஒளிக்காமல் ஜனங்களுக்குச் சொல்லவேண்டும். 2008ல் பயமே பாதிப் பஞ்சத்தைச் செய்தது என்று கண்ட பிறகு, பெரிய தேசங்கள் சேர்ந்து 2011ல் தானியச் சந்தைக் கணக்குகளை ஒன்றாய்த் திரட்டி வெளியிட ஏற்பாடு செய்தன. அதை ஒளிவு மறைவு இல்லாமல் நடத்தவேண்டும். மூன்றாவது, எந்த யுத்தத்திலும் தானியக் கப்பலையும் களஞ்சியத்தையும் தொடுவதில்லை என்பதைக் கருங்கடல் ஒப்பந்தத்தைப்போல் ஒரு வருஷத்துக்கல்லாமல் நிரந்தரமாய்ச் செய்யவேண்டும். நான்காவதும் முக்கியமானதும், விலை எவ்வளவு ஏறினாலும் ஏழைக்கு ஒரு அளவு தானியம் தவறாமல் கிடைக்கும் முறை வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசிக் கார்டுக்காரர்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. “இனாம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்” என்று வயிறு நிறைந்தவர்கள் பரிகாசம் செய்கிறார்கள். உலகச் சந்தையில் தானிய விலை ஏறிக் கிடந்த 2022ல், அந்த ரேஷன் அரிசியின் விலை ஏறவில்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

தோழர்களே! இவையெல்லாம் சர்க்காருடைய காரியம், நம்மால் என்ன ஆகும் என்று நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது. பஞ்சம் விதியால் வருகிறது என்று நம்புகிற ஜனங்களிடம் எந்த சர்க்காரும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. மனிதனுடைய செய்கையால் வருகிறது என்று தெரிந்துகொண்ட ஜனங்களிடம்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆதலால் இனி எங்கேனும் யுத்தம் என்றோ, வறட்சி என்றோ, விலை ஏற்றம் என்றோ பத்திரிகையில் பார்த்தால், ஜோசியரிடம் போகாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். கையிருப்பு எவ்வளவு? அது யாரிடம் இருக்கிறது? அது வருகிற வழியை அடைத்தவர் யார்? வாங்கக் காசில்லாதவனுக்கு என்ன ஏற்பாடு? இந்த நான்குக்கும் பதில் வாங்கத் தெரிந்த ஜனங்களை எந்தக் கிரகமும் பட்டினி போட முடியாது.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பவேண்டாம். கணக்குகளைச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.